எஞ்சின் சூடாகிறதா? எப்போது என்று முதலில் பாருங்கள்

எஞ்சின் சூடாவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது, மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான். மூடியைத் தளர்த்திய நொடியில் அந்த அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பீறிடும். எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆகட்டும். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். அது மெத்தென்று, கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் மட்டும், தடித்த துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகுங்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வண்டி வேகமெடுத்தால் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும் வண்டியில் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஓடினால் சூடு இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஓரளவு நன்றாகவே ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை. சந்தேகம் முதலில் ஃபேன் மீது விழ வேண்டும்.

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி (மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து) ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும், அல்லது ஒரு நிமிடத்துக்குள், ரேடியேட்டர் ஃபேன் சுழல ஆரம்பிக்கும். ஏ.சி.க்குச் சுழலும் ஃபேன் சூட்டுக்குச் சுழலவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. கோளாறு சென்சாரிலோ அதன் ஒயரிலோ இருக்கும். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டையும் தனித்தனியாகக் கவனியுங்கள். ஏ.சி.க்கு ஒன்று மட்டும் சுழல்வதாகவும் இருக்கலாம்.

எதற்குமே சுழலவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்தது ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). ஃபியூஸ் பாக்ஸில் ஹார்னுக்கோ வேறெதற்கோ அதே எண் போட்ட ரிலே இன்னொன்று இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கும் அசையாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதன் பின்களை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறி, ஓரம் உருகி, பின் மேல் கருப்பாகப் பொடி படிந்திருந்தால் ஆசாமி கிடைத்துவிட்டார். ஃபேன் இழுக்கும் மின்சாரம் அதிகம். கனெக்டர் கொஞ்சம் தளர்ந்தாலே அந்த இடம் சூடாகிக் கருகிவிடும். புது மோட்டார் போட்டாலும் அந்தப் பழைய கனெக்டரிலேயே செருகினால் சில மாதங்களில் அதே கதைதான்.

கனெக்டர் சுத்தமாக இருந்தால், 30 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த தடிமனான ஒயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுழலாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சுழல்கிறது என்றாலும் போன மாதிரிதான். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

சென்சார் மீது சந்தேகம் வந்தால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். பல கார்களில் கம்ப்யூட்டர், சென்சார் இல்லை என்று தெரிந்ததும் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். எஞ்சின் விளக்கு எரியும். பயப்பட வேண்டாம், பதிவாகும் பிழைக் குறியீட்டைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

ஃபேன் சுழன்றும் சூடு குறையவில்லையா? ஒரு முழுத் தாளை ரேடியேட்டரின் முன்பக்க வலைக்கு எதிரே பிடியுங்கள். ஃபேன் பின்னால் இருக்கும் வண்டியில் தாள் வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால் மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஃபேன் திசை மாறிச் சுழன்று எதிர்க்காற்றோடு சண்டை போடுகிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டை (ஷ்ரவுட்) யாராவது கழற்றி வைத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஃபேன் ரேடியேட்டரின் நடுப்பகுதியில் மட்டுமே காற்றை இழுக்கும்.

ஃபேன் பக்கத்தில் கை வைக்கும்போதெல்லாம் கனெக்டர் கழன்றிருக்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுழலும். விரல் போய்விடும்.

கேள்வி: என் வண்டிக்கு நேர்மாறு. ஊருக்குள் ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலோ மலை ஏறினாலோ சூடாகிறது.

பதில்: அப்படியென்றால் உங்களுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் கொடுக்கும் வெப்பத்தை ரேடியேட்டர் வரை எடுத்துப் போவதிலோ, அங்கே வெளியே விடுவதிலோதான் அடைப்பு.

கூலன்ட் அளவு சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்ஸருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்ஸர் பளிச்சென்று தெரியும். பின்னால் அந்த இடுக்கில் பூச்சி, சருகு, தூசு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். டார்ச்சை மேலிருந்து உள்ளே அடித்துப் பாருங்கள். கழுவுவதானால் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரண குழாய் வேகத்தில் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துபோகும்.

உள்ளடைப்பைக் கண்டுபிடிக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர் முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்துகொண்டே போங்கள். கூலன்ட் உள்ளே வரும் பக்கம் சூடு அதிகமாகவும், வெளியேறும் பக்கம் படிப்படியாகக் குறைந்தும் இருக்க வேண்டும். நடுவில் சட்டென்று குளிர்ந்த பட்டைகள் வந்தால் அந்தக் குழல்கள் உப்புப் படிந்து அடைந்திருக்கின்றன. முகத்தில் பாதிக்குமேல் அப்படி என்றால் மருந்து ஊற்றிக் கழுவுவதில் காலத்தை வீணாக்காமல் ரேடியேட்டரை மாற்றுங்கள்.

கீழ் ஹோஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. பழைய ஹோஸ் ரப்பர் தளர்ந்திருந்தால் எஞ்சின் வேகம் கூடும்போது உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நிறுத்தியதும் பழையபடி உருண்டையாகிவிடும். அதனால் பானெட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது அகப்படாது. உதவிக்கு ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 3000 சுற்றில் பிடிக்க, நீங்கள் தள்ளி நின்று ஹோஸைக் கவனியுங்கள்.

வாட்டர் பம்ப் கெட்டதற்கு வெளி அடையாளம் பெரும்பாலும் உண்டு: பம்ப் உடம்பிலிருக்கும் சிறு கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்த கூலன்ட் தடம், புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம், அரைக்கும் சத்தம். உள்ளே விசிறி அரித்துத் தேய்ந்துபோன பம்ப் எந்த அடையாளமும் காட்டாது; மற்றதெல்லாம் சரி என்று உறுதியான பிறகு அதைக் கழற்றலாம். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடாகாது என்கிறார்களே?

பதில்: இந்த யோசனையைக் கேட்டு எத்தனையோ நல்ல எஞ்சின்கள் வீணாகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் தேயும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்திருக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டை ஏற்றும்.

சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் 82, 88 என்று திறக்கும் வெப்பநிலை பொறித்திருக்கும். சமையலுக்கு இனிப் பயன்படாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்திலேயே வெப்பமானி. அடுப்பை மிதமாக எரியவிட்டுக் கவனியுங்கள். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக வால்வு விளிம்பு விட்டுக்கொடுக்க வேண்டும். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது 8 மில்லிமீட்டர் அளவுக்காவது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். நூலை வால்வு இடுக்கில் கடித்திருக்கும்படி கட்டிவிட்டால் இன்னும் வசதி: அது திறக்கும் கணத்தில் தெர்மோஸ்டாட் நூலிலிருந்து நழுவி விழும், அப்போது வெப்பமானியைப் படித்தால் போதும். வெளியே எடுத்து ஆறவைத்தால் முழுக்க மூட வேண்டும். தாமதமாகத் திறந்தாலோ அரைகுறையாகத் திறந்தாலோ மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட் துணுக்குகளைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, ஆடும் சிறு ஊசியுள்ள துளை மேலே இருக்குமாறு வையுங்கள். சிக்கிய காற்று வெளியேற அதுதான் வழி.

கேள்வி: கூலன்ட் மாற்றினேன். மறுநாளே முள் மேலேறுகிறது, ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது. டேங்க்கில் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஏர் லாக். ஹீட்டர் காற்று குளிர்ந்திருப்பதே அதற்குச் சாட்சி. ஹீட்டர் குழாயில் கூலன்ட்டுக்குப் பதில் காற்று நிற்கிறது. எஞ்சின் ஆறியதும் வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டிலோ ஹோஸிலோ பிளீடர் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும்வரை அதைத் திறந்து வைத்து மூடுங்கள். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, மேல் ஹோஸை விட்டு விட்டு அழுத்துங்கள். குமிழிகள் மேலே வர வர அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஹீட்டர் காற்று சூடாகி, குமிழி நின்றதும், கூலன்ட் பொங்கும் அளவுக்குச் சூடேறுமுன் மூடியை இறுக்கிவிடுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவை மறுபடி பாருங்கள். கால் லிட்டராவது கேட்கும். மின்சார வாட்டர் பம்ப் உள்ள ஹைப்ரிட் வண்டிகளில் சிலவற்றுக்கு இது போதாது. பம்ப்பை ஸ்கேனர் மூலம் இயக்கித்தான் காற்றை எடுக்க முடியும்.

கேள்வி: வெறும் தண்ணீர் போதாதா? பச்சைக் கூலன்ட் இருக்கும் வண்டியில் சிவப்பு ஊற்றலாமா?

பதில்: வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை, உண்மைதான். ஆனால் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடான இடங்களில் படிந்து கல்லாகிறது. துரு அலுமினியத்தையும் பம்ப்பையும் தின்கிறது. கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துக்காகவே அதை ஊற்ற வேண்டும். எத்திலீன் கிளைகால் அடிப்படையிலான கூலன்ட்டைச் சம அளவு டிஸ்டில்ட் வாட்டரோடு கலந்தால் சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், மைனஸ் 37 வரை உறையாது. நல்லதுதானே என்று கூலன்ட்டை மட்டும் ஊற்றாதீர்கள். தண்ணீர் குறையக் குறைய வெப்பம் எடுக்கும் திறனும் குறையும்.

கலக்கும் கணக்கில் பலர் தவறுவது இங்கேதான். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வையுங்கள். ரேடியேட்டர் அடித்திருகைத் திறந்தால் 3 லிட்டர்தான் வெளியே வரும். மீதி 2 லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நின்றுவிடும். டிஸ்டில்ட் வாட்டரால் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகு அந்த 2 லிட்டரும் வெறும் தண்ணீர். அதன்மேல் ஆளுக்குப் பாதியாகக் கலந்த 3 லிட்டரை ஊற்றினால் உள்ளே கூலன்ட் 30 சதவீதம்தான் ஆகும். சரியான வழி: முதலில் 2.5 லிட்டர் கலக்காத கூலன்ட், அதன்மேல் அரை லிட்டர் தண்ணீர். கடையில் வாங்கியது ஏற்கெனவே கலந்ததா, கலக்காததா என்பதை டப்பாவில் படித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நிறம் சாயம் மட்டுமே. ஒரே நிறத்தில் வேறு வேறு மருந்துகளும், ஒரே மருந்து வேறு வேறு நிறங்களிலும் வருகின்றன. பொருந்தாத இரண்டைக் கலந்தால் துருத்தடுப்பு போய்விடும். சில சமயம் கூழாகத் திரண்டு குழல்களை அடைக்கும். கையேட்டில் சொன்ன தரக் குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாத கூலன்ட் உள்ளே இருந்தால் முழுக்கக் கழுவிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும்; கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

கேள்வி: தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் மாதம் அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. ஹெட் கேஸ்கெட்தான் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: இருக்கலாம். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு அது. ஆனால் எஞ்சினைப் பிரிக்கும் முடிவை மற்றவற்றைப் பார்த்த பிறகு எடுங்கள். முதலில் மூடி. அதில் 0.9, 1.1 என்று பார் கணக்கில் அழுத்தம் எழுதியிருக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, கூலன்ட் சூட்டில் வழிந்து எக்ஸாஸ்ட் மேல் விழுந்து தடமில்லாமல் காய்ந்துவிடும். மூடியின் நடுவிலிருக்கும் சிறு வால்வு கெட்டால் வேறொரு வேடிக்கை நடக்கும்: எஞ்சின் ஆறும்போது டேங்க்கிலிருந்து கூலன்ட் திரும்ப ரேடியேட்டருக்கு வராது, டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருக்கும். அதனால்தான் தனி மூடி உள்ள ரேடியேட்டரில், ஆறிய பிறகு உள்ளேயே எட்டிப் பார்க்கச் சொல்கிறோம். அழுத்தம் தாங்கும் வெள்ளை டேங்க் மட்டுமே உள்ள வண்டிகளில் டேங்க்கில் உள்ள அளவுக் கோட்டைப் பார்த்தாலே போதும்.

அடுத்து காருக்குள் பாருங்கள். முன்சீட்டுக் கால்விரிப்பு ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால், கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலம் படிந்தால், இனிப்பு வாடை வந்தால், ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது.

மிச்சமிருப்பது கைப்பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடி இருந்த இடத்தில் அதை மாட்டி, மூடியில் எழுதிய அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. ஹோஸ் கிளாம்ப், பம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் மடிப்பு என்று ஒவ்வொன்றாக டார்ச்சோடு தேடுங்கள். முள் இறங்கியும் வெளியே ஈரமே இல்லை என்றால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது.

ஹெட் கேஸ்கெட்டை உறுதிசெய்ய, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். கூலன்ட் சூடேறவே நேரமில்லாத முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரின் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு நீலத் திரவச் சோதனை நம்பகமானது: ரேடியேட்டர் வாயில் பிடித்த குழாயில் அந்தத் திரவம் மஞ்சளாக மாறினால் வாயு கசிவது உறுதி. ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல இருப்பதைக் கண்டு முடிவுகட்டாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்காபி நிறமாக இருந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

கேஸ்கெட் மாற்றுபவர் ஹெட்டின் மட்டத்தை நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கிறாரா என்று கேளுங்கள். பல எஞ்சின்களுக்கு அனுமதி 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். வளைந்த ஹெட்டின் மேல் புதுக் கேஸ்கெட் நிற்காது. கசிவை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் ஊற்ற வேண்டாம். அவை முதலில் அடைப்பது ஹீட்டரின் மெல்லிய குழல்களை.

கேள்வி: முள் நடுவில்தான் இருந்தது, ஆனால் பானெட்டிலிருந்து ஆவி வந்தது. எப்படி?

பதில்: இரண்டு காரணம். பல கார்களில் முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுநர் பதறக்கூடாது என்று 75 முதல் 105 டிகிரி வரை ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போதே நிலைமை முற்றியிருக்கும். இரண்டாவது இன்னும் ஆபத்தானது: கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், எஞ்சின் கொதிக்க, முள் கீழே இறங்கும். ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான சாக்கெட்) செருகும் சிறிய புளூடூத் கருவியை வாங்கி மொபைலில் கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகவே பாருங்கள். 85 முதல் 105 வரை பெரும்பாலான எஞ்சின்களுக்கு இயல்பு. உங்கள் வண்டிக்கு வழக்கமான எண் எது என்பதை நல்ல நாளிலேயே குறித்து வைத்துக்கொண்டால், 5 டிகிரி கூடுவதே முன்னறிவிப்பாகிவிடும்.

கேள்வி: வழியில் சூடானால் வீடு வரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டக்கூடாது. ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போடுங்கள். வெக்கையாக இருந்தாலும் எஞ்சினின் சூட்டை அது கொஞ்சம் இழுக்கும். பாதுகாப்பான இடம் வரும்வரைதான் இந்த உபாயம். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பானெட்டின் விளிம்பில் ஆவி வந்தால் அது அடங்கும்வரை திறக்காதீர்கள். எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றுவது, சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீர் விடுவது இரண்டும் உலோகத்தை விரிசல் விடவைக்கும். ஒரு மணி நேரம் ஆறிய பிறகு அளவைப் பார்த்து, எஞ்சினை ஐட்லிங்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்கு வெறும் தண்ணீரும் பரவாயில்லை. ஊற்ற ஊற்றக் கீழே கொட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கொட்டவில்லை என்றால், ஓபிடி எண்ணைப் பார்த்தபடி பக்கத்து ஒர்க்ஷாப் வரை மெதுவாகப் போகலாம். 110-ஐத் தொட்டால் மறுபடி ஓரங்கட்டுங்கள்.